குஞ்சு சேவலா, பேடா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் கோழி வளர்க்கும் உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

தெஹியோவிட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் கோழிக்குஞ்சு வாங்குகிற எவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதில எத்தனை பேடு?" தோட்டத்தில் பெட்டை என்பார்கள், எங்கள் வீடுகளில் பேடு என்போம். கேள்வி ஒன்றே. விற்கிறவர் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார். மூன்று நான்கு மாதம் குருணையும் மீதிச் சோறும், காசு கொடுத்து வாங்கிய தீனியும் போட்ட பிறகுதான் உண்மை தெரியவரும். பத்துக் குஞ்சில் ஏழு கூவினால் அந்த வீட்டு முட்டைக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் முட்டைத் தட்டுப்பாடு வந்ததும், அரசாங்கம் விலைக்கட்டுப்பாடு போட்டதும், கடைசியில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்குப் பின்னால் நான்கு பேடு நின்ற குடும்பத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கோப்பைக்கு முட்டை வந்தது.

குஞ்சிலேயே சேவலையும் பேட்டையும் பிரித்தறிய மனிதன் 2000 ஆண்டுகளுக்கு மேலாக முயன்றிருக்கிறான். சரியான விடை கிடைத்து ஏறத்தாழ 100 ஆண்டுதான் ஆகிறது. அந்த விடை கிடைத்த பிறகு சேவல் குஞ்சுகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

முதலில், இது ஏன் இவ்வளவு கஷ்டம்?

வளர்ந்த கோழியில் யாருக்கும் சந்தேகம் வராது. நமது தேசியப் பறவையான காட்டுக்கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேவல் செம்மஞ்சள் நிறத்தில் தகதகவென்று நிற்கும், சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். பேடோ காய்ந்த இலைச்சருகின் நிறம். ஆனால் அவற்றின் குஞ்சுகள் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி, பழுப்புக் கோடு போட்ட பஞ்சு உருண்டைகள். நிலத்தில் ஓடித் திரியும் குஞ்சைப் பருந்தும் கீரியும் பாம்பும் தேடும்போது, சருகோடு சருகாக மறைவதுதான் அதற்குப் பாதுகாப்பு. கொண்டையும் நிறமும் பிறகு வரலாம், முதலில் உயிர் தப்ப வேண்டும். வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியிலும் இதே ஏற்பாடுதான்.

குஞ்சில் அடையாளம் தெரியாததால் பழைய காலத்து அறிஞர்கள் முட்டையைப் பார்த்தார்கள். கிறிஸ்துவுக்கு முன் 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலின் நூலில், நீண்டு கூர்மையான முட்டையில் பேடு, உருண்டையான முட்டையில் சேவல் என்று இருக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய ரோமானியர் கொலுமெல்லாவும், இயற்கை வரலாறு எழுதிய பிளினியும் இதற்கு நேர்மாறாக, நீண்ட முட்டையில்தான் சேவல் என்றார்கள். இன்றைக்கும் நம் ஊரில் அடைவைக்க முட்டை பொறுக்கும்போது கூர் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்குள்ளும் இரண்டு கட்சி. அந்தச் சண்டை ரோமாபுரிக் காலத்துச் சண்டை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்!

அரபு உலகத்திலும் இந்தத் தேடல் இருந்தது. 9 ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்-ஜாஹிழ், விலங்குகளைப் பற்றி 'கிதாபுல் ஹயவான்' என்ற பெரும் நூலை எழுதினார். அதில் நாய்க்காரனும் சேவல்காரனும் தத்தம் பிராணியே உயர்ந்தது என்று வாதிடும் நீண்ட பகுதி பிரசித்தமானது. அந்த நூலில் சேவல் குஞ்சை அறியும் ஒரு முறையும் வருகிறது. குஞ்சை அலகில் பிடித்துத் தொங்கவிட வேண்டும், அசைந்தால் சேவல், அசையாவிட்டால் பேடு என்பதே அது. நம் பக்கத்தில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இதன் ஒன்றுவிட்ட சகோதரன். தயவுசெய்து இரண்டையும் செய்து பார்க்காதீர்கள். குஞ்சுக்கு வேதனை, நமக்கு விடையும் கிடைக்காது.

இவ்வளவு பெரிய அறிவாளிகள் பிழையான முறைகளை எழுதியது எப்படி? விற்பவர்களும் வாங்குபவர்களும் இன்றுவரை அவற்றை நம்புவது எப்படி? காரணம் எளிய கணக்கு. ஆணும் பெண்ணும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி பிறப்பதால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பத்தில் ஐந்து சரியாகத்தான் வரும். சரியாக வந்த ஐந்தை ஊரெல்லாம் சொல்லுவோம், பிழைத்த ஐந்தைக் கறி வைத்துவிட்டு மறந்துவிடுவோம். அவ்வளவுதான்.

பிழைத்தாலும் அந்தக் காலத்தில் பெரிய நட்டம் இருக்கவில்லை. கோழி தானாகக் கிளறித் தின்றது. பேடானால் முட்டை, சேவலானால் விருந்தாளிக்குக் கறி, கந்தூரிக்கு, தீபாவளிக்கு, அல்லது சுபஹுக்கு எழுப்பிவிட. பால்வெட்டுக்கு விடியப் போகிற தோட்டத்து மக்களுக்கும் சேவல்தான் அலாரம். எந்தக் குஞ்சும் வீண்போகவில்லை. பொறுத்திருந்து பார்க்க முடிந்தவனுக்கு முதல் நாளே விடை தேவைப்படவில்லை.

20 ஆம் நூற்றாண்டில் இந்த நிலை மாறியது. அடைக்கோழியின் இடத்தை ஆயிரக்கணக்கில் பொரிக்கும் இயந்திரங்கள் பிடித்தன. தீனி காசு கொடுத்து வாங்கும் பொருளானது. முட்டைக்காக மட்டும் பண்ணை நடத்துபவருக்குச் சேவல் குஞ்சு ஒவ்வொன்றும் வாய் திறந்த செலவாகத் தெரிந்தது. முதல் நாளே பிரிக்க வேண்டும் என்ற நெருக்கடி அப்போதுதான் வந்தது.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. கியோஷி மசூயி, ஜூரோ ஹஷிமோத்தோ ஆகிய ஆய்வாளர்கள், பொரித்த குஞ்சின் எச்சத்துவாரத்தை மெதுவாகத் திறந்து பார்த்தால் உள்ளே குண்டூசித் தலையளவு சிறு மேடு ஒன்று சேவல் குஞ்சில் இருக்கும் என்று கண்டறிந்தார்கள். 1927 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் இது வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1933 இல் ஆங்கிலத்தில் நூலாகவும் வந்தது.

சொல்வதற்கு எளிது, செய்வது மிகக் கடினம். சில பேட்டுக் குஞ்சுகளிலும் சிறு மேடு இருக்கும். சில சேவல்களில் அது தட்டையாக இருக்கும். பொரித்து ஒரு நாள் கடந்துவிட்டால் பார்ப்பது இன்னும் சிரமம். கை நடுங்கினால் குஞ்சு செத்துவிடும். ஜப்பானில் இதற்கென்றே பயிற்சிப் பாடசாலைகள் தோன்றின. தேர்ந்தவர்கள் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1000 குஞ்சுகளைப் பிரித்தார்கள், நூற்றுக்கு 98 சரியாக. ஒரு குஞ்சுக்கு மூன்று நான்கு வினாடிதான். 1930களில் இவர்கள் கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஐரோப்பா என்று போய் வேலை செய்தார்கள்.

அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கும் இது நல்ல தொழிலானது. நிறத்தைப் பார்த்து வேறு வேலைகளில் கதவு சாத்தப்பட்ட காலம் அது. 1942 இல், போரைக் காரணம் காட்டி, அந்த மக்களில் சுமார் 120,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. ஆனால் நாட்டுக்கு முட்டை வேண்டும், முட்டைக்குக் குஞ்சு பிரிப்பவர் வேண்டும். முகாமிலிருந்து வெளியேற அனுமதி கிடைத்தவர்களில் சிலர் இந்தக் கைத்தொழிலை நம்பித்தான் வெளியே வந்தார்கள். பிரஜையாக நம்பாத நாடு அவர்களின் விரல்களை நம்பியது. குடியுரிமை இல்லாமல் பல தலைமுறை உழைத்த தோட்டத்து மக்கள் வாழும் நம் பிரதேசத்தில், இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்களுக்குச் சுவையான ஒரு செய்தியும் உண்டு. கைதேர்ந்தவர்களிடம் "எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பார்த்தால் தெரியும்" என்பார்களாம். வருடக்கணக்கில் பக்கத்தில் இருந்து பழகினால்தான் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1987 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அனுபவமிக்க ஒருவரிடம் கேட்டறிந்து, மேடு உருண்டு திரண்டிருந்தால் சேவல், தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் பேடு என்று ஒரு சிறு துண்டுத்தாளில் படத்தோடு எழுதினார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் புகைப்படங்களைப் பார்த்து நூற்றுக்கு 60 அளவில் சரியாகச் சொன்னார்கள். துண்டுத்தாளை வாசித்ததும் 84 அளவுக்கு வந்துவிட்டார்கள். உயிருள்ள குஞ்சைக் கையில் பிடித்துச் செய்வதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்தான். ஆனாலும் "எனக்குத் தெரியும், சொல்லத் தெரியாது" என்கிற அறிவைச் சொல்லாக்கினால் மற்றவருக்கும் அது போய்ச் சேரும். நம் தொழிலே அதுதானே.

இன்னொரு வழி இங்கிலாந்தில் திறந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு 'பனட் சதுரம்' தெரியும். அந்தப் பனட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர், கோழிகளை வைத்துப் பரம்பரையியல் படித்தவர். முதலாம் உலகப் போரின் உணவு நெருக்கடியில், சேவல் குஞ்சுகளை முன்கூட்டியே பிரித்தால் தானியம் மிஞ்சுமே என்று யோசித்தார். 1929 இல் பீஸ் என்பவரோடு சேர்ந்து 'கம்பார்' என்ற இனத்தை உருவாக்கினார். அதில் சேவல் குஞ்சும் பேட்டுக் குஞ்சும் பொரிக்கும்போதே நிறத்தில் வேறுபட்டன.

இதன் தத்துவம் எளிது. மனிதரில் ஆணிடம் X, Y என்று இரண்டு வகை நிறமூர்த்தங்கள். கோழியில் மறுபுறம். சேவலிடம் Z, Z. பேட்டிடம் Z, W. பேடு தன் ஒரே Z ஐ மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. ஆகவே வெளிர் நிறப் பேட்டையும் செம்பழுப்புச் சேவலையும் சேர்த்தால், தாயின் வெளிர் நிறம் மகன்களுக்குப் போகிறது, மகள்கள் தகப்பனைப் போலப் பழுப்பாகிறார்கள். பழுப்பு முட்டையிடும் இன்றைய லேயர் இனங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான். பேட்டுக் குஞ்சு பழுப்பு, சேவல் குஞ்சு வெளிர் மஞ்சள். வேறு சில இனங்களில் சிறகு முளைக்கும் வேகத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். சிறகை விரித்தால் பேட்டில் நீண்ட இறகு வரிசையும் குட்டை வரிசையும் தெளிவாகத் தெரியும், சேவலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயிடமிருந்து வருகிற நிறமூர்த்தம். மனிதரில் அது தகப்பனிடமிருந்து வருகிறது. பிள்ளை எதுவானாலும் அல்லாஹ்வின் கொடை, கடவுளின் கொடை. ஆனால் "மூன்றும் பொம்பிளைப் பிள்ளை" என்று மருமகளைக் குத்திக்காட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கோழிக்கூட்டு நியாயத்தை மனிதர் வீட்டில் பேசுகிறார்கள். அங்கும் கோழியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, விடை கிடைத்த பிறகு நடந்தது. 1923 இல் அமெரிக்காவின் டெலவெயார் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சு கேட்டார், பிழையாக 500 வந்தது. அவர் அவற்றை இறைச்சிக்கு வளர்த்து விற்று இலாபம் கண்டார். அமெரிக்க ப்ரொயிலர் தொழிலின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். அதன் பின்னர் கோழி இரண்டு வம்சமாகப் பிரிந்தது. இறைச்சிக்கு ப்ரொயிலர், முட்டைக்கு லேயர். ப்ரொயிலரில் ஆணும் பெண்ணும் இறைச்சிதான், பிரச்சினையில்லை. லேயரில் பிறந்த சேவலோ முட்டையும் இடாது, போடுகிற தீனிக்கு ஏற்ற இறைச்சியும் வைக்காது. ஆகவே, பிரித்தறியும் திறமை கைக்கு வந்ததும், பொரித்த அன்றே சேவல் குஞ்சுகளைக் கொன்றுவிடுவது தொழிலின் வழக்கமாகிவிட்டது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடிக் குஞ்சுகள் இப்படிக் கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள்.

உண்பதற்கு அறுப்பது நமக்கு ஆகுமானது. ஒரு சிட்டுக்குருவியைக் காரணமின்றிக் கொன்றாலும் அதுபற்றி விசாரிக்கப்படும் என்ற கருத்தில் ஹதீஸ் இருப்பதையும் நாம் அறிவோம். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, என் வேலையல்ல. ஆனால் முட்டை சாப்பிடுகிற நாம் இந்தக் கணக்கையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சில நாடுகள் வழி தேடியிருக்கின்றன. ஜேர்மனியில் 2022 ஜனவரி 1 முதல் சேவல் குஞ்சுகளை இப்படிக் கொல்வது சட்டப்படி தடை. அங்கே ஒரு முறையில், அடையில் வைத்து ஏறத்தாழ 9 ஆம் நாளில் முட்டை ஓட்டில் லேசர் ஒளியால் நுண்துளை இட்டு, ஒரு துளி திரவம் எடுத்து, ஓமோன் பார்த்துப் பிரிக்கிறார்கள். அப்படி வந்த கோழிகளின் முட்டை 2018 நவம்பரில் பெர்லின் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அரிஸ்டோட்டில் முட்டையைப் பார்த்துச் சொல்ல முயன்றார். 2300 ஆண்டு கழித்து மனிதன் மறுபடி முட்டையிடமே வந்து நிற்கிறான், இந்த முறை சரியான கருவியோடு.

சரி, நம் முற்றத்துக்கு வருவோம். இந்த வரலாற்றிலிருந்து நமக்குப் பயன்படுவது இவைதான்.

1. விற்பவரிடம் "எத்தனை பேடு?" என்று கேட்பதற்கு முன் "என்ன இனம்?" என்று கேளுங்கள். பழுப்பு லேயர் என்று சொல்லி வெளிர் மஞ்சள் குஞ்சு தந்தால், அது பெரும்பாலும் பொரிப்பகத்தில் கழித்த சேவல். வெள்ளை லேயரிலும் ப்ரொயிலரிலும் ஆண் பெண் இரண்டுமே மஞ்சள், நிறம் உதவாது.

2. கலப்பு நாட்டுக்கோழிக் குஞ்சில் முதல் நாளே நம்பும்படியான அடையாளம் இல்லை. நிறமும் சிறகும், பெற்றோர் இன்ன இனம் என்று தெரிந்து சேர்த்தால்தான் பேசும். 5, 6 கிழமையில் கொண்டையைப் பாருங்கள். முந்திச் சிவந்து பெருப்பது பெரும்பாலும் சேவல், காலும் தடித்திருக்கும். 10, 12 கிழமையில் வாலுக்கு முன்னால் முதுகு இறகு கூராக நீண்டால் சேவல், முனை உருண்டிருந்தால் பேடு.

3. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் பஞ்சு இறகுச் சில்க்கிக் கோழி இதற்கு விதிவிலக்கு. 13 ஆம் நூற்றாண்டில் சீனாவுக்குப் போன மார்கோ போலோவின் பயணக் குறிப்பில், பூனைபோல மயிருள்ள கோழி என்று வருவது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். வளர்ந்த பிறகும் குஞ்சைப் போலவே பஞ்சாக இருப்பதால் முதுகு இறகில் கூர் தெரியாது. ஐந்து ஆறு மாதமாகலாம். கூவினால் சேவல், முட்டையிட்டால் பேடு. அதுவரை சோடி என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

4. எச்சத்துவாரத்தை வீட்டில் அழுத்திப் பார்க்க வேண்டாம். பயிற்சி இல்லாத கை குஞ்சின் குடலை உடைத்துவிடும்.

5. முட்டைக்காகவே வாங்குவதென்றால், ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது மொத்தத்தில் இலாபம். கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

6. கடைசியாக, நியாயத்துக்காக ஒரு கணக்கு. பிரிக்காத பத்துக் குஞ்சு வாங்கினால், யாருடைய பிழையும் இல்லாமலே ஏழோ அதற்கு மேலோ சேவலாக அமைய ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ஒரு முறை ஏழு கூவியதற்காகக் குஞ்சு விற்ற மனிதரைக் கள்ளன் என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்பதோ பத்தோ கூவ, நூற்றில் ஒரு வாய்ப்புத்தான். அப்படி நடந்தாலோ, வாங்கும் ஒவ்வொரு முறையும் ஏழெட்டுக் கூவினாலோ, தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்திலும் கிராமத்திலும் ஐம்பது வருடம் கோழி வளர்த்த பெரியம்மாக்கள், உம்மம்மாக்கள் இருக்கிறார்கள். குஞ்சு நிற்கிற நிலை, ஓடுகிற ஓட்டம், தலையின் பருமன் என்று அவர்கள் பார்க்கும் அடையாளங்களைக் கேட்டு இங்கே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எழுதுவதோடு நிற்காமல் சோதித்தும் பாருங்கள். குஞ்சின் காலில் நிற நூல் தளர்வாகக் கட்டுங்கள், வளர வளர மாற்றிக் கட்டுங்கள். எந்த நிறம் சேவல், எந்த நிறம் பேடு என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளின் கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். மூன்று நான்கு மாதம் கழித்து எண்ணுங்கள். பத்தில் ஐந்து சரியென்றால் அது ஊகம். எட்டு ஒன்பது சரியாக வந்தால் மறுபடியும் ஒரு முறை செய்யுங்கள். அப்போதும் வந்தால், நம் பெரியவர்களிடம் உண்மையான அறிவு ஒன்று எழுதப்படாமல் இருக்கிறது என்று பொருள். அதைச் சொல்லாக்கி வைப்பது நம் பொறுப்பு.

பயனுள்ளது என்று நினைத்தால் பகிருங்கள். அல்லாஹ் நம் அனைவரின் வீட்டிலும் பரக்கத் செய்வானாக.